திடீரென்று நெஞ்சு படபடத்து உயிர் போவதுபோல் இருக்கிறதா? பீதித் தாக்கைப் புரிந்துகொள்ளவும் அதிலிருந்து மீளவும் ஒரு முழுமையான வழிகாட்டி

அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகப் பழகியது. முப்பது வயதைத் தொடாத ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்குகிறார். முகம் வெளிறியிருக்கிறது, சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது. கூட வந்த நால்வரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்தால் சீராக இருக்கிறது. ரத்த அழுத்தம் சற்றே கூடுதல். ஆக்சிஜன் அளவு 99. அரை மணி நேரத்தில் அவரே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். "ஒன்றும் இல்லை, கேஸ் பிரச்சினைதான்" என்று ஓர் ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் அம்மா திருஷ்டி சுற்றிப் போடுகிறார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் ஈசிஜி.

"ஒன்றும் இல்லை" என்ற அந்தச் சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இதயத்தில் கோளாறு இல்லை என்பது சரி. ஆனால் அந்த மனிதருக்கு நடந்தது உண்மை. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, காரணம் இருக்கிறது, நன்றாகப் பலன் தரும் சிகிச்சையும் இருக்கிறது. பேனிக் அட்டாக் என்று பலரும் இணையத்தில் தேடுகிற பீதித் தாக்கு அது. இந்தப் பெயரையும் விளக்கத்தையும் முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், எத்தனையோ பேர் வேலையை விட்டிருக்க மாட்டார்கள். வீட்டுக்குள் முடங்கியிருக்கவும் மாட்டார்கள்.

இது புதிதாக வந்த நோயுமில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பும் மூச்சுத் திணறலும் நெஞ்சுவலியுமாக வந்த வீரர்களை ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா என்ற மருத்துவர் ஆராய்ந்து 1871-இல் எழுதினார். அவர்களில் பலருடைய இதயத்தில் எந்தப் பழுதும் தென்படவில்லை. வாழ்நாளில் ஒருமுறையாவது பீதித் தாக்கை அனுபவித்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருப்பார்கள் என்று பல நாடுகளில் நடத்திய கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. அவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு நோயாக மாறுவதில்லை. சிலருக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்து, "அடுத்தது எப்போது வருமோ" என்ற அச்சமாக ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்து, போக்குவரத்தையும் பழக்கவழக்கங்களையும் மாற்றிவிடுகிறது. அதைத்தான் பீதி நோய் என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது.

உடலுக்குள் நடப்பது என்ன?

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். பின்னால் வரும் எல்லாப் படிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன.

நாய் துரத்தினால் யோசித்துவிட்டா ஓடுகிறோம்? மூளையின் அபாய மையம் ஆணையிட்டதும், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சிறு சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. கால்களுக்கு ரத்தம் வேண்டும் என்பதால் இதயம் வேகமாக அடிக்கிறது. தோலிலிருந்தும் விரல்களிலிருந்தும் ரத்தம் விலகுவதால் கை சில்லிட்டு முகம் வெளிறுகிறது. உடல் சூடேறாமல் இருக்க வியர்க்கிறது. செரிமானம் நின்று வயிற்றைப் பிசைகிறது. கண்ணின் பாவை விரிவதால் வெளிச்சம் கூசுகிறது, சுற்றியிருப்பவை கனவில் பார்ப்பதுபோல் விலகித் தெரிகின்றன. நாய் துரத்தும்போது இவை ஒன்றும் நமக்குத் தெரிவதில்லை. பீதித் தாக்கில் துரத்தும் நாய் இல்லை, தப்பி ஓடுவதற்கான ஏற்பாடு மட்டும் முழுதாக நடந்துவிடுகிறது. வெளியே காரணம் ஒன்றும் காணாததால் மனம் உள்ளே தேடுகிறது. "இதயம் நிற்கப் போகிறது", "மயங்கி விழப் போகிறேன்", "பைத்தியம் பிடிக்கப் போகிறது" என்ற மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. அந்த எண்ணமே புதிய அபாயச் செய்தியாகி, இன்னும் அட்ரினலினை வரவழைக்கிறது.

ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் விளக்கியது இந்தச் சுழலைத்தான். உடலில் தோன்றும் சாதாரண மாற்றத்தைப் பேராபத்தாக எடுத்துக்கொள்வது, அதனால் பயம், பயத்தால் இன்னும் பெரிய மாற்றம். இன்றைய உளவியல் சிகிச்சையின் பெரும்பகுதி இந்தச் சுழலை எங்கே அறுப்பது என்பதைப் பற்றியதே.

மூச்சின் கதை தனி. பயத்தில் நாம் தேவைக்கு மேல் மூச்சு விடுகிறோம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதே இல்லை. குறைவது கார்பன் டை ஆக்சைடு. அது குறைந்தால் மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கித் தலை கிறுகிறுக்கிறது. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவதுபோல் மதமதப்பு வருகிறது. மூச்சு இன்னும் வேகமானால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தின் சமநிலை மாறி, விரல்கள் தாமாகவே மடங்கி இறுகிக்கொள்ளும். அதைப் பார்த்து வலிப்பு என்று எண்ணிக் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. மூச்சு நிதானத்துக்கு வந்ததும் விரல்கள் தானே விரிந்துவிடும்.

இன்னொன்று: பீதித் தாக்கில் மயங்கி விழுவது அரிது. மயக்கம் பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்கும்போது வருவது. இங்கே அழுத்தம் ஏறுகிறது. ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயங்குபவர்கள் மட்டும் விதிவிலக்கு. தாக்கு வழக்கமாக 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணி நேரத்துக்குள் அடங்கத் தொடங்கும். அட்ரினலின் ரத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் தங்குவதில்லை. நாமாகப் புதிய பயத்தை ஊட்டாவிட்டால் உடலால் அதே உச்சத்தில் நிற்க முடியாது.

முதல் படி: ஒரே ஒருமுறை, முழுமையான பரிசோதனை

முதல்முறை நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தால், "இது பீதிதான்" என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்கூட்டியே வருகிறது. நடந்தாலோ மாடி ஏறினாலோ கூடி, நின்றால் குறையும் வலி. தாடைக்கோ இடக் கைக்கோ பரவும் வலி. நெஞ்சில் பாரம் ஏற்றியதுபோன்ற அழுத்தம் 15 நிமிடம் கடந்தும் விடாமல் இருப்பது. உண்மையிலேயே நினைவு தப்பி விழுவது. ஒரு பக்கக் கை கால் செயலிழப்பது. ஒரு காலில் வீக்கத்தோடு திடீர் மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். இலங்கையில் இருப்பவர்கள் 1990-ஐ அழைக்கலாம். சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ புகைப் பழக்கமோ உள்ளவர்கள் இதில் துளியும் தயங்கக் கூடாது.

பிறகு ஒருநாள் நிதானமாகப் பொது மருத்துவரைப் பாருங்கள். ஈசிஜி, ஹீமோகுளோபின், ரத்தச் சர்க்கரை, தைராய்டு ஆகிய நான்கும் அடிப்படை. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் பீதித் தாக்கைப் போலவே படபடப்பும் வியர்வையும் நடுக்கமும் வரும். ரத்தசோகையும் படபடப்பைத் தரும், நம் பெண்களிடம் அது மிகப் பரவலாக இருக்கிறது. சொடுக்குப் போட்டதுபோல் திடீரென்று தொடங்கி அதேபோல் சட்டென்று நிற்கும் துடிப்பு என்றால், இதயத் தாளக் கோளாறா என்று பார்க்க 24 மணி நேர ஈசிஜி பதிவு தேவைப்படலாம். ஆஸ்துமா மருந்துகளும் சில சளி மருந்துகளும்கூடப் படபடப்பை உண்டாக்கும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

முடிவுகள் சரியாக இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். மாதம் ஓர் ஈசிஜி, வருடம் ஓர் எக்கோ, வீட்டில் ரத்த அழுத்தக் கருவி, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் கருவி என்று பலர் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு பரிசோதனையும் இரண்டு நாள் நிம்மதி தருகிறது, மூன்றாம் நாள் "அன்றைக்குச் சரியாக எடுத்தார்களா?" என்ற சந்தேகம் தொடங்குகிறது. புதிய அறிகுறி வந்தால் மருத்துவரிடம் போங்கள். பழைய அறிகுறிக்குப் புதிய பரிசோதனை வேண்டாம்.

இரண்டாம் படி: தாக்கு வரும் அந்தப் பத்து நிமிடங்கள்

அதை நிறுத்த முயலாதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். "எப்படியாவது இதை அடக்க வேண்டும்" என்ற போராட்டமே உடலுக்கு இன்னோர் அபாயச் செய்தி.

உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்தபடியே இருங்கள். நின்றிருந்தால் ஒரு சுவரில் சாயலாம். வெளியே ஓட வேண்டாம். வண்டி ஓட்டுகிறீர்கள் என்றால் மட்டும் ஓரமாக நிறுத்திவிடுங்கள். மனதுக்குள் பெயரிட்டுச் சொல்லுங்கள்: "இது பீதித் தாக்கு. முன்பும் வந்திருக்கிறது. உச்சத்துக்குப் போய் இறங்கும்." இந்த மூன்று வாக்கியங்களை உங்கள் கையெழுத்தில் ஒரு சிறு அட்டையில் எழுதி வைப்பது நல்லது. தாக்கின் நடுவே சொந்தமாக யோசித்துச் சொல்ல வராது, படிக்க வரும்.

இனி மூச்சு. பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் "நன்றாக மூச்சை இழு, ஆழமாக இழு" என்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே தேவைக்கு மேல் காற்று உள்ளே போய்விட்டது. இன்னும் இழுத்தால் கிறுகிறுப்பும் மதமதப்பும் கூடும். நெஞ்சு அடைத்ததுபோல் இருப்பதற்கு ஒரு காரணம், முழுதாக வெளியே விடாமல் மேலும் மேலும் இழுப்பதுதான். எனவே முதலில் வெளியே விடுங்கள். உதட்டைக் குவித்து, சூடான காபியை ஆற்றுவதற்கு ஊதும் அளவுக்கு மெதுவாக, தோள்கள் தாமாக இறங்கும்வரை விடுங்கள். பிறகு மூக்கின் வழியே சிறிதாக, 4 எண்ணும்வரை உள்ளே. மறுபடியும் 6 எண்ணும்வரை வெளியே. ஒரு நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். வயிற்றில் கை வைத்துக்கொண்டால் நெஞ்சு அசையாமல் வயிறு அசைகிறதா என்று தெரியும். வயிற்றைத் தளர்த்த முடியாமல் போனாலும் பரவாயில்லை, வெளிமூச்சு நீளமாக இருந்தால் போதும். இதை நல்ல நாளில், காலையிலும் இரவிலும் ஐந்து ஐந்து நிமிடம் பழகியிருந்தால்தான் கெட்ட நேரத்தில் கைகொடுக்கும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். உண்மையில் ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்தாக முடியும்.

மூச்சைக்கூட ஓர் ஆயுதமாக்கிவிடக் கூடாது. "எண்ணி எண்ணி விடுகிறேன், இன்னும் போகவில்லையே" என்று ஒவ்வொரு நொடியும் சோதித்தால் பழைய போராட்டம் புது வேடத்தில் வந்துவிட்டது என்று பொருள். படபடப்பு இருக்கட்டும். அதோடு செய்துகொண்டிருந்த வேலையைத் தொடருங்கள். காய் நறுக்கிக்கொண்டிருந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைச் சிறிதாக்குங்கள், ஆனால் சமையலறையிலேயே இருங்கள். பேசிக்கொண்டிருந்தால் மெதுவாகப் பேசுங்கள். கவனம் முழுக்க நெஞ்சுக்குள் போய்விட்டால், எதிரே தெரியும் பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணுவதும், பாதம் தரையில் பதிந்திருப்பதை உணர்வதும் கவனத்தை வெளியே கொண்டுவரும்.

மூன்றாம் படி: அடங்கிய பிறகு

உடல் அடித்துப் போட்டதுபோல் இருக்கும், அழுகை வரலாம், தூக்கம் வரலாம். எல்லாம் இயல்பு. தண்ணீர் குடியுங்கள், கொஞ்ச நேரம் உட்காருங்கள், முடிந்தால் அன்றைய வேலையில் ஒன்றையாவது செய்து முடியுங்கள். அன்று முழுதும் படுத்துவிட்டால் உடலுக்கு நீங்கள் சொல்லும் செய்தி, "நடந்தது பெரிய ஆபத்து" என்பதாகிவிடும்.

ஒரு நோட்டில் நாலு வரி எழுதுங்கள்: எங்கே, எத்தனை மணிக்கு, அதற்குமுன் என்ன சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன், முதலில் தோன்றிய உணர்வு எது, என்ன நடந்துவிடும் என்று பயந்தேன், உண்மையில் என்ன நடந்தது. கடைசி இரண்டும்தான் முக்கியம். "மயங்கி விழுவேன் என்று நினைத்தேன். விழவில்லை" என்ற வரி திரும்பத் திரும்ப அந்த நோட்டில் வரும். பத்துப் பக்கம் சேர்ந்த பிறகு அதைப் படித்துப் பாருங்கள். மருத்துவரிடம் போகும்போதும் அந்த நோட்டு உதவும்.

நான்காம் படி: விட்டு விலகியவற்றுக்குத் திரும்பிப் போவது

தாக்கு வந்த இடத்தைத் தவிர்ப்பது மனித இயல்பு. டவுன் பஸ்ஸில் வந்தால் பஸ் வேண்டாம். கல்யாண மண்டபத்தில் வந்தால் இனி வரவேற்புக்கு மட்டும் தலை காட்டிவிட்டுத் திரும்பலாம். கோயில் கூட்டம், சினிமா தியேட்டர், முடிதிருத்தும் கடை நாற்காலி, லிஃப்ட், வங்கி வரிசை என்று பட்டியல் நீளும். தவிர்த்த அன்றைக்கு நெஞ்சு லேசாகிவிடும். ஆனால் இது கந்துவட்டிக் கடன். இன்றைக்குக் கையில் கிடைக்கும் நிம்மதிக்கு நாளை பல மடங்காகக் கட்ட வேண்டியிருக்கும். கட்டுவது உங்கள் நடமாட்டத்தை.

வெளிப்படையாகத் தவிர்க்காதவர்களும் நுட்பமாகத் தவிர்ப்பார்கள். பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். சட்டைப் பையில் மாத்திரை அட்டை, அது காலாவதியாகியிருந்தாலும் சரி. பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்து இருக்கை. மண்டபத்தில் கடைசி வரிசை. போகும் வழியில் எந்தெந்த மருத்துவமனை இருக்கிறது என்ற கணக்கு. பழைய ஈசிஜி காகிதம் எப்போதும் கைப்பையில். இவையெல்லாம் இருந்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை நம்பிவிடுகிறது. அவை இல்லாமலும் ஒன்றும் நடந்திருக்காது என்று அது கற்றுக்கொள்ள வாய்ப்பே தருவதில்லை.

திரும்பிப் போவதை ஏணி வைத்துத்தான் செய்ய வேண்டும். டவுன் பஸ்ஸில் ஒருமுறை மூச்சு முட்டி நடுவழியில் இறங்கிய பிறகு, வேலைக்கு ஆட்டோவிலும் கணவரின் வண்டியிலுமே போய்வரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஏணி இப்படி இருக்கலாம். முதலில் நாத்தனாரோடு நிறுத்தத்துக்குப் போய் 20 நிமிடம் நின்று, எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல் வீடு திரும்புகிறார். அடுத்து, கூட்டமில்லாத பிற்பகலில் இருவரும் ஏறி ஒரே ஒரு நிறுத்தம். பிறகு மூன்று நிறுத்தம், நாத்தனார் முன்னால், இவர் பின்னால். அதன்பின் தனியாக, அதே பிற்பகல் பஸ்ஸில், கதவருகே உட்காராமல் நடு இருக்கையில் ஜன்னலோரம். அது பழகியதும் தண்ணீர் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டு. கடைசியாகத்தான் காலை ஒன்பது மணிக் கூட்டத்தில், நின்றபடி, அலுவலகம்வரை. தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு நிறுத்தத்துக்கு ஏறி இறங்கிப் பழகுவதற்கு இதைவிட வசதி கிடைக்காது.

இதில் சில விதிகள் உண்டு. ஒரு படியை ஒருமுறை செய்துவிட்டு அடுத்ததற்குத் தாவக் கூடாது. சலிப்புத் தட்டும்வரை, கூடியவரை அடுத்தடுத்த நாட்களில், செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை என்றால் இடையில் பயம் மறுபடி வளர்ந்துவிடும். போவதற்கு முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள்: "மூன்றாவது நிறுத்தத்துக்குள் விழுந்துவிடுவேன்." வந்த பிறகு நடந்ததை எழுதுங்கள். படபடப்பு வந்தால் பயிற்சி தோற்றது என்று நினைக்க வேண்டாம். வராமல் இருந்தால் கற்றுக்கொள்ளவே ஒன்றும் இல்லை. பயம் முழுதாகக் குறைந்த பின்தான் இறங்க வேண்டும் என்பதும் இல்லை. எதிர்பார்த்த பேராபத்து நிகழவில்லை என்பதை மூளை நேரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பயத்தால் பாதியில் இறங்க நேர்ந்தால் வீட்டுக்குப் போய்விடாமல், சற்று நின்று, அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள். அதுவும் முடியாவிட்டால் மறுநாள் ஒரு படி கீழே இருந்து தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: அறிகுறிகளை நாமே வரவழைப்பது

கேட்பதற்கு விபரீதமாக இருக்கும். ஆனால் பீதி நோய்க்கான உளவியல் சிகிச்சையில் மிகவும் பலன் தரும் பகுதிகளில் இது ஒன்று. நீங்கள் பயப்படுவது பஸ்ஸைக் கண்டல்ல, பஸ்ஸில் உங்கள் நெஞ்சு அடித்துக்கொள்வதைக் கண்டு. அப்படியானால் அந்த நெஞ்சடிப்போடுதான் பழக வேண்டும்.

நெஞ்சடிப்புக்கு: ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடுவது, அல்லது மாடிப்படி இரண்டு முறை ஏறி இறங்குவது. தலைச்சுற்றலுக்கு: சுழலும் நாற்காலியில் அரை நிமிடம் சுற்றுவது. மூச்சு முட்டுவதற்கு: மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய உறிஞ்சுகுழல் வழியே ஒரு நிமிடம் மூச்சு விடுவது. மதமதப்புக்கு: ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடுவது. செய்து முடித்ததும் அடக்க முயலாமல் உட்கார்ந்து, அது தானே இறங்குவதைக் கவனியுங்கள். எந்த உணர்வு உங்கள் தாக்கை அதிகம் ஒத்திருக்கிறதோ அதைத் தினமும் நாலைந்து முறை செய்யுங்கள். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் ஆகியவை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. தனியாகச் செய்யத் துணிவில்லாதவர்களும் ஓர் உளவியலாளரின் அறையில் தொடங்குவது நல்லது.

உடற்பயிற்சியை விட்டுவிட்டவர்களுக்கும் இதே வழிதான். நெஞ்சு வேகமாக அடித்தாலே அஞ்சுகிறவர் நடையையும் படியேறுவதையும் நிறுத்திவிடுகிறார். உடல் தளர்கிறது, பிறகு சிறு வேலைக்கே நெஞ்சு அடிக்கிறது. மெல்லிய நடையில் தொடங்கி, வியர்க்கும்வரை வேக நடைக்குப் போங்கள்.

நள்ளிரவில் எழுப்பும் தாக்கு

தூக்கத்திலிருந்து விருட்டென்று எழுந்து, மூச்சு நின்றுவிட்டதுபோல் தவிப்பதும் பீதித் தாக்கே. கனவு காரணமில்லை; பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போகும் கட்டத்தில் வருகிறது. எழுந்து விளக்கைப் போட்டு, வெளிமூச்சை நீட்டி, அடங்கிய பின் அதே படுக்கைக்குத் திரும்புங்கள். வரவேற்பறைக்கு மாறாதீர்கள், விடியும்வரை கைப்பேசியில் அறிகுறிகளைத் தேடாதீர்கள். பலத்த குறட்டையும் பகலில் தூக்கக் கலக்கமும் சேர்ந்திருந்தால், உறக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காபி, வெறும் வயிறு, மது

காபியை முதலில் சொல்கிறேன். பீதி நோய் உள்ளவர்களுக்குச் சுமார் 5 கப் காபிக்கு நிகரான காஃபீனைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தாக்கு வந்தது. கள்ளிச் சொட்டு டிகாஷன் பழகிய வீடுகளில் இதைக் கேட்பது கசப்பாக இருக்கும். அடியோடு நிறுத்தினால் சில நாள் தலைவலி வரலாம். வாரந்தோறும் ஒரு கப் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். தேநீரிலும் ஊக்க பானங்களிலும் காஃபீன் உண்டு. புகையிலையின் நிக்கோட்டினும் நெஞ்சடிப்பைக் கூட்டும். மது அன்றிரவு அமைதி தரும், மறுநாள் காலை இரட்டிப்புப் படபடப்பாக வாங்கிக்கொள்ளும். காலை உணவைத் தவிர்த்து மதியம்வரை வெறும் வயிற்றோடு இருப்பதும், தூக்கம் கெடுவதும் சிலருக்கு நேரடித் தூண்டுதல்.

மருத்துவரும் மாத்திரையும்

வாரக்கணக்கில் இது உங்கள் வேலையையோ படிப்பையோ வெளியே போவதையோ தடுக்கிறது என்றால், தனியாகப் போராட வேண்டியதில்லை. மனநல மருத்துவரைப் பார்ப்பது பைத்தியக்காரப் பட்டம் கட்டிக்கொள்வதாகும் என்ற பயத்தால் எத்தனை பேர் ஆண்டுக்கணக்கில் இரைப்பை மாத்திரை தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளர் பிரிவு உண்டு. அங்கே ஆலோசனையும் மருந்தும் இலவசம்.

மேலே சொன்ன படிகளை முறைப்படி நடத்துவதுதான் அறிதல் நடத்தைச் சிகிச்சை. வழக்கமாக வாரம் ஒன்றாக 10 முதல் 15 அமர்வுகள். பேச்சு மட்டும் இருந்து, வீட்டுப் பயிற்சியே தராத ஆலோசகர் என்றால் "எனக்குப் பயிற்சி எப்போது தொடங்கும்?" என்று கேளுங்கள்.

மருந்துகளில் முதல் வரிசை செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், பராக்ஸெட்டின் போன்றவை. இவற்றுக்கு அடிமையாகிவிடுவோம் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் சற்றே கூடுதல் பதற்றமும் வரக்கூடும் என்பதால் குறைந்த அளவில் தொடங்குவார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் நாலாம் நாளே நிறுத்திவிடுபவர்கள் மிகப் பலர். இளம் வயதினருக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் தோன்றுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். நலமான பிறகும் குறைந்தது 6 மாதம், பெரும்பாலும் ஓராண்டு, தொடர்ந்துவிட்டு மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அல்பிரசோலாம், குளோனாசெபம் வேறு வகை. அரை மணி நேரத்தில் ஆற்றிவிடும், அதனாலேயே ஆபத்து. வாரக்கணக்கில் எடுத்தால் உடல் பழகிக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் பதற்றம் பொங்கும், வலிப்புகூட வரலாம். மருத்துவர் சில நாட்களுக்குத் தந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டில் வாங்குவதும், மதுவோடு சேர்ப்பதும் கூடவே கூடாது. ஏற்கெனவே பல மாதமாக எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடவும் கூடாது. குறைக்கும் முறையை மருத்துவரோடு பேசுங்கள்.

இரவு எந்நேரமும் பேச ஆள் வேண்டுமென்றால் இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104-உம், இலங்கையில் 1926-உம் உண்டு. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் இந்த எண்களை அன்றே அழையுங்கள்.

பக்கத்தில் இருப்பவருக்கு

"பயப்படாதே" என்ற சொல் பயந்தவருக்கு எட்டுவதில்லை. "எல்லாம் உன் மனப் பிரமை" என்பது காயப்படுத்தும். கூட்டத்தை விலக்குங்கள். சோடாவும் ஓமத்திரவமும் எடுத்துக்கொண்டு ஓடாமல், அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். குரலைத் தாழ்த்தி, "அக்கா, நான் இங்கேதான் இருக்கிறேன். இது கொஞ்ச நேரத்தில் அடங்கும். என்னோடு சேர்ந்து மெதுவாக வெளியே ஊதுங்கள்" என்று சொல்லி, நீங்களே ஊதிக் காட்டுங்கள். தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். கேள்விகளை அடுக்காதீர்கள்.

அடுத்த நாள்தான் உங்களுக்கு உண்மையான வேலை. அன்பினால் அவருடைய எல்லா வேலையையும் நீங்கள் எடுத்துக்கொண்டால், தவிர்ப்பதற்கு நீங்களே துணை நிற்கிறீர்கள். கடைக்கு அவர் போகட்டும், நீங்கள் தெருமுனையில் நில்லுங்கள். அடுத்த வாரம் வாசலில் நில்லுங்கள். "எனக்கு ஒன்றும் ஆகாதுதானே?" என்று நூறாவது முறை கேட்டால், நூறாவது முறையும் உறுதி சொல்வதைவிட, "உன் நோட்டில் என்ன எழுதியிருக்கிறாய், பார்ப்போம்" என்பது அவருக்கு அதிகம் உதவும். குழந்தை பிறந்த சில மாதங்களில் ஒரு பெண்ணுக்கு இது தொடங்கினால், "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாமல் மகப்பேறு மருத்துவரிடமாவது சொல்லுங்கள்.

திரும்ப வந்தால்

பல மாதம் நலமாக இருந்துவிட்டு, தேர்வு, இடமாற்றம், வீட்டில் ஒரு மரணம், கடுமையான காய்ச்சல் என்று ஏதோ ஒன்றுக்குப் பிறகு ஒரு தாக்கு வரலாம். பழைய நிலைக்கே போய்விட்டோம் என்ற முடிவுக்கு அன்றைக்கே வந்துவிடாதீர்கள். பழைய நோட்டையும் அட்டையையும் எடுங்கள். தாக்கு வந்த இடத்துக்கு 24 மணி நேரத்துக்குள், சிறிது நேரத்துக்காவது, திரும்பிப் போய் வாருங்கள். அதன்பின் இரண்டு வாரம், எதையாவது புதிதாகத் தவிர்க்கத் தொடங்கியிருக்கிறீர்களா என்று மட்டும் கவனியுங்கள். தவிர்க்கத் தொடங்கியிருந்தால் ஏணியின் அந்தப் படியிலிருந்து பயிற்சியைத் தொடங்குங்கள். இரண்டு வாரத்தில் நீங்களாக ஏற முடியாவிட்டால், முன்பு பார்த்த மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ நேரம் கேளுங்கள். இம்முறை சில அமர்வுகளே போதுமானதாக இருக்கலாம்.